கூலி: ஒரு சொல்லின் வர்க்க வரலாறு

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமிதம் கொள்ளும் வழக்கம் நம் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக உண்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என நீளும் அப்பட்டியலில் ‘கூலி’யும் இடம்பெறும். உணவின் பெயரையும் மனிதரை இழிவுசெய்த சொல்லையும் ஒரே தராசில் நிறுக்கும் இப்போக்கு சொல்லாராய்ச்சியின் அடிப்படைக் குறைபாடொன்றைக் காட்டுகிறது. சொல் எங்கே பிறந்தது என்று வினவுவோர், அது யார் கையில் என்னவாயிற்று என்று வினவுவதில்லை. மன்னாரிலிருந்து தம்புள்ளை ஊடாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தோரின் வடபாதை சென்று சேர்ந்த மாத்தளையிலிருந்து நோக்கும்போது, இரண்டாவது வினாவே முதன்மை பெறுகிறது.

பிறப்புப் பற்றிய வாதங்களைச் சுருக்கமாகக் காண்போம். தமிழில் ‘கூலி’ உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் பழஞ்சொல். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதியோ, குஜராத்துப் பகுதியின் ‘கோலி’ இனத்தாரின் பெயரே மூலமாகலாம் எனக் கருதி, தமிழ்ச் சொல்லின் செல்வாக்கையும் உடன் சுட்டுகிறது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்பதோடு தொடர்புபடுத்துவோரும் உளர். சீனரோ இச்சொல்லைத் தம் எழுத்தில் ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் இரு குறிகளால் எழுதினர். அது மூலத்தைக் காட்டுவதன்று. எனினும் அச்சொல்லைச் சுமந்தோரின் அனுபவத்தைக் காட்டுகிறது.

இவற்றுள் எது சரியாயினும், விளக்கப்பட வேண்டிய செய்தி வேறு. தமிழில் ஊதியத்தைக் குறித்த சொல், போர்த்துக்கேயர்வழி ஐரோப்பிய மொழிகளுள் வழங்கியபோது ஊதியம் பெறும் மனிதனையே குறித்தது. இதனை வெறும் ஆகுபெயராகக் கொள்ளுதல் போதாது. மார்க்சின் ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ வெளிவந்தது 1849இல். மாத்தளையில் வரிச்சுமைக்கெதிரான கிளர்ச்சி அடக்கப்பட்ட மறு ஆண்டு. அடிமையைப் போலன்றித் தொழிலாளி தன்னை முழுமையாக விற்பதில்லை, தன் உழைப்பைக் குறித்த நேர அளவுக்கே விற்கிறான் என்பது அந்நூலின் விளக்கம். தோட்டத்தில் இவ்வேறுபாடு மங்கியது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாயிற்று. கடனை அடைப்பவரிடம் ஆளை விடுவதாக எழுதிக் கொடுக்கப்பட்ட ‘துண்டு’, 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியையும் கடனோடு கைமாற்றியது. கூலிக்கும் ஆளுக்கும் இடைவெளி இல்லாத உற்பத்தி உறவில் கூலியே ஆளின் பெயராயிற்று. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்றே அவர்களைப் பெயரிட்டது. தென்னாபிரிக்காவில் காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டபோது, தொழிலைக் குறித்த பெயர் இனத்தின் மீதான வசையாகவும் முற்றியிருந்தது.

உழைப்போரின் பெயர்கள் யாவும் இவ்வாறு இறங்கியே தீரும் என்பதில்லை. ஐரோப்பியக் கெல்திய மொழிகள் மாறான சான்று தருகின்றன. பண்டைய கோல் நாட்டில் தலைவனைச் சூழ்ந்த பணியாளனுக்கு ‘அம்பக்தோஸ்’ என்று பெயர். சீசர் தம் போர்க்குறிப்புகளில் அச்சொல்லைப் பதிவு செய்துள்ளார். அதன் வழித்தோன்றலே இன்று ஜெர்மன் மொழியில் அரச பதவியையும் அலுவலகத்தையும் குறிக்கும் ‘அம்ற்’. தூதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினதே. வேல்சு மொழியில் இளைஞனையும் ஏவலாளனையும் குறிக்கும் ‘குவாஸ்’ என்பதன் இனச்சொல், இலத்தீன் வழியே நிலமானியப் பிரபுக்களைக் குறிக்கும் ‘வசல்’ ஆயிற்று. தலைவனுக்கு ஊழியம் செய்தோர் அதிகாரத்திலும் நிலத்திலும் பங்கு பெற்றனர். அவர்தம் பெயரும் உயர்ந்தது. நமது தொழிலாளர் உருவாக்கிய நிலத்தில் அவர்களுக்குப் பங்கிருக்கவில்லை, பெயரும் தாழ்ந்தது. சொல்லின் ஏற்றத்தாழ்வு ஒலிவிதியால் அன்று, உடைமை உறவால் தீர்மானிக்கப்படுகிறது.

இவ்விடத்து இலக்கிய முயற்சியொன்றையும் மதிப்பிடல் வேண்டும். மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுலி 1992இல் முன்வைத்த ‘கூலித்துவம்’ என்னும் கருத்து, வசையை எடுத்து அதனையே கடல்கடந்தோரின் பண்பாட்டு நினைவாக்கியது. இரத்தத் தூய்மையை அன்றிப் பயண அனுபவத்தை அது அடிப்படையாகக் கொண்டமை பாராட்டுக்குரியது. ஆயினும் இழந்த மதிப்பைச் சொல்லளவில் மீட்பதோடு பணி நிறைவுறாது. கூலி என்ற பெயர் கவிதையில் கௌரவம் பெறலாம். கூலி என்ற ஊதியம் அதனால் உயர்ந்துவிடாது.

தோட்டத்தின் அன்றாட வழக்கே இதற்குச் சான்று. அங்கு ஒருநாள் வேலை ‘ஒரு பேர்’ எனக் கணக்கிடப்படுகிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமென்ற நீண்ட போராட்டம் 2021 மார்ச்சில் சட்டவலு பெற்றது. அதன்பின் முழுப்பேருக்குரிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். ஏகாதிபத்தியத்தின் மொழியில் கூலி மனிதனின் பெயராயிற்று. தோட்டத்தின் கணக்கில் மனிதனின் பெயர் கூலியாயிற்று. முதலாவது வழக்கு சட்டங்களிலிருந்து பெரிதும் மறைந்துவிட்டது. இரண்டாவது இன்னும் மறையவில்லை. கொழுந்து குறைந்த நாளிலும் ஒரு பெண்ணின் பேர் முழுப்பேராக எழுதப்படும்போதே, பட்டியலிட்டுப் பெருமைப்படும் தகுதி இச்சொல்லுக்கு வாய்க்கும்.