சதுர அடி எம்புட்டு?

கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் நண்பர் தன் ஓவியங்களை இரண்டு நாள் மாட்டி வைத்திருந்தார். மொத்தம் இருபத்திரண்டு. (மாட்டியதில் எனக்கும் பங்குண்டு. விமர்சகன் உருப்படியாக ஆணி அடித்த ஒரே சந்தர்ப்பம் அது.) மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் இலக்கிய நண்பர்கள் வந்தார்கள். கோட்டைப் பற்றியும் வெளியைப் பற்றியும் பேசினார்கள், டீ குடித்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. கேட்டவர் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வந்த ஒரு திராட்சை வியாபாரி. ஒரு பெரிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, ‘இது சதுர அடி எம்புட்டுப்பா?’ என்றார். பிறகு, ‘கீழ நம்ம கடைப் பேரப் போட்டுத் தருவியா?’

நாங்கள் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. நண்பர் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. சைன்போர்டு எழுதுகிற ‘ஆர்ட்ஸ்’ கடை ஒன்றில் பதினான்கு வயதில் டப்பா கழுவச் சேர்ந்தவர். சுவர் விளம்பரம், கட்சிச் சின்னம், லாரி முகப்பு, திருவிழா வளைவு என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கை வைத்தவர். சதுர அடிக்கணக்கு அவருக்கு அவமானமில்லை, தொழில். 2000களில் ஃபிளெக்ஸ் வந்தபோது அவரைத் தோற்கடித்ததும் அதே சதுர அடிக்கணக்குதான். ஒரு நாள் வேலையை எந்திரம் சில நிமிஷத்தில் துப்பிவிட்டது. 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபிறகு கெடுபிடி வந்து, கொஞ்ச காலம் சுவர்கள் திரும்பக் கிடைத்தன. அதற்குள் அவருடைய சகாக்கள் பாதிப்பேர் பெயிண்டிங் காண்ட்ராக்ட்டுக்கும் கேரளத்துத் தோட்ட வேலைக்கும் போயிருந்தார்கள். வேலையில்லாத அந்த வருஷங்களில்தான் நண்பர் கித்தானுக்கு வந்தார். ‘சுயாதீனக் கலைஞர்’ என்கிற சொல்லை நாம் எவ்வளவு மினுக்கித் துடைத்து வைத்திருந்தாலும், அவர் விஷயத்தில் அதற்கு அர்த்தம் இதுதான்: கூலி கொடுக்க ஆளில்லாமல் போனவர்.

விலை என்பது இந்தப் பள்ளத்தாக்கில் கெட்ட வார்த்தை அல்ல. போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் ஏலக்காய் மின்னணுத் திரையில் விலை போகிறது. மில்லிமீட்டர் கணக்கில் சலித்துத் தரம் பிரித்து, மாதிரியைக் கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்கிறார்கள். பன்னீர்த் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. விலை நியாயமாக இருக்கிறதா என்றால் இல்லைதான், விவசாயியைக் கேட்டால் தெரியும். ஆனால் விலையை உரக்கச் சொல்லலாம், மறுக்கலாம், சண்டை போடலாம். ஓவியத்துக்கு மட்டும் விலையைக் காதோடு சொல்ல வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். கேலரிக்காரர்கள் சதுர அடி கேட்பதில்லையாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் ஓவியரின் ‘ரேட்’டை அளவு வைத்துத்தான் அங்கேயும் பெரும்பாலும் போடுகிறார்கள். அடிக்குப் பதில் அங்குலம், அவ்வளவுதான் வித்தியாசம். திராட்சை வியாபாரி பச்சையாகக் கேட்டுவிட்டார்.

கலையின் களத்தில் தோற்பவனே ஜெயிக்கிறான் என்று புர்தியே சொன்னதை நம் பத்திரிகைகளில் மேற்கோள் காட்டாதவர் குறைவு. விற்காமல் இருப்பதே மரியாதை, மரியாதை பிறகு விலையாக மாறும். பிறகு என்பது எப்போது? அதுவரை அரிசிக்கு யார் பொறுப்பு? 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு ஒரு நேரடியான பதிலை வைத்திருந்தார். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில்தான் அங்கே நிலமே வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, ஓவியத்துக்குச் சுதந்திரம். அந்த ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அரசையோ புரவலரையோ நம்பாமல் நின்ற கூட்டு முயற்சி அது. ஆனாலும் அதன் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. விற்பது ஒரு கை, படைப்பது இன்னொரு கை. கல்லூரியில் பயின்றவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ள முடியும், ஏனென்றால் ‘நான் கலைஞன், பிழைப்புக்காக இதைச் செய்கிறேன்’ என்று அவர் சொன்னால் உலகம் நம்பும். சைன்போர்டு எழுதியவர் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் பிழைப்பிலிருந்து கலைக்கு ஏறி வந்தவராகவே கடைசிவரை பார்க்கப்படுவார்.

எம்.எப். ஹுசேன் பம்பாயில் சினிமா ஹோர்டிங் எழுதியவர், அங்கேயும் கூலி சதுர அடிக்குத்தான். அவர் 1954ல் வரைந்த ‘கிராம யாத்திரை’ 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. பல பத்தாண்டுகள் நார்வேயில் ஒரு மருத்துவமனைச் சுவரில் தொங்கிய படம். ஹோர்டிங் இன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ருசியான ஒரு பத்தி. ஹோர்டிங்கிலேயே நின்றுவிட்ட மற்றவர்களுக்குப் பத்தி கிடையாது.

கோவில்பட்டி கொண்டையராஜு இன்னொரு திசை. 1898ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்தவர். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கின. கம்பத்தில், சின்னமனூரில், உத்தமபாளையத்தில் உரக்கடையும் நகைக்கடையும் கொடுத்த காலண்டரில் மேலே முருகன், கீழே கடைப்பெயர். இப்போது வியாபாரியின் இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். ‘கீழ நம்ம கடைப் பேரப் போட்டுத் தருவியா?’ அது ரசனையில்லாதவன் கேள்வி அல்ல. படம் என்பது வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதைப் பற்றி அவருக்கு அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. படம் வாங்கப்படுவதில்லை, யாரோ தருகிறார்கள், தந்தவன் பெயர் கீழே இருக்கும். எந்திரப் பிரதியில் ஒளிவட்டம் போய்விடுகிறது என்று பெஞ்சமின் எழுதினார். இங்கே அச்சடித்த முருகனுக்குத்தான் சூடம் காட்டினார்கள். நண்பரின் அசலுக்கு யாரும் காட்டவில்லை.

கையெழுத்து விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சுவர் விளம்பரத்தின் மூலையில் ‘இன்ன ஆர்ட்ஸ், கம்பம்’ என்று இருக்கும், கீழே ஃபோன் நம்பர். அந்தக் கையெழுத்து ‘என்னைக் கூப்பிடு’ என்கிறது. கித்தானில் இருக்கும் கையெழுத்தோ ‘என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது’ என்கிறது. நண்பர் தன் ஓவியங்களிலும் ஊர்ப் பெயரோடு நம்பர் எழுதியிருந்தார். மதுரை நண்பர் ஒருவர் அதை அழிக்கச் சொன்னார், ‘கமர்ஷியலா இருக்கு தோழர்.’ நானும் ஆமாம் என்றேன். இப்போது யோசித்தால் அந்த நம்பர் இல்லாமல் அவரை யார், எப்படித் தேடிப் பிடிப்பது? நமக்குத் தெரிந்தவர்களின் நம்பர் நம்மிடம் இருக்கிறது, ஆகையால் படத்தில் வேண்டாம் என்கிறோம். ரசனை என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் அறிமுகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவின்படி, ஓவியத்தின் அசல் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, உச்சவரம்பு 10 சதவீதம். ஆனால் அவர் பதிப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். 17ஆம் பிரிவோ, ஒருவர் சொல்லிக் காசு கொடுத்து வரையச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது சொந்தமாக வரைந்து கேலரியில் வைத்தவருக்குப் பங்கு, கேட்டதை வரைந்து கொடுத்தவருக்குக் கூலியோடு சரி. சோழமண்டலத்துக் கோடு சட்டப் புத்தகத்திலும் ஓடுகிறது.

இந்த 17ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. சிறுபத்திரிகை அட்டைக்கும் உட்பக்கத்துக்கும் ஓவியர்களிடம் நாம் கோட்டோவியம் வாங்குகிறோம். காசு கொடுப்பதில்லை. ஆதிமூலம் காலத்திலிருந்து இது நட்பின் பெயரால் நடந்து வருகிறது. காகிதக் கடைக்குக் கொடுக்கிறோம், அச்சகத்துக்குக் கடன் சொல்லியாவது கொடுக்கிறோம், தபால் தலைக்குக் கொடுக்கிறோம். உபரி மதிப்பைப் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் இலவசப் படம். என் முதல் கட்டுரைத் தொகுப்பின் அட்டை நண்பர் வரைந்தது. ஐந்து பிரதிகள் கொடுத்தேன், அதிலும் இரண்டை விற்றுத் தரச் சொல்லி. பணம் கொடுக்காததால் சட்டப்படி உரிமை அவரிடமே இருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை. கூலி கொடுத்து வரையச் சொல்கிறவர் உரிமையைக் கொண்டுபோகிறார். உரிமையை விட்டுவைத்த நாம் கூலியையும் விட்டுவிட்டோம்.

வியாபாரி அந்தப் பெரிய படத்தை வாங்கினார். கடைப்பெயரை நண்பர் படத்தில் எழுதவில்லை, சட்டத்துக்கு அடியில் தனிப் பலகையாக எழுதிக் கொடுத்தார், அதற்குத் தனிக்காசு. விற்றது அது ஒன்றுதான். மண்டப வாடகைக்கும் சட்டம் போட்டதற்கும் சரியாகப் போயிற்று.

அடுத்த தொகுப்புக்கு அட்டை கேட்டுப் போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போனேன். ‘இந்தத் தடவை ரேட் சொல்லுங்கண்ணே’ என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது, ‘உனக்கென்னப்பா ரேட்டு’ என்றார். பிடிவாதமாக ஒரு தாளில் எழுதினோம்: ஒரு பதிப்புக்கு மட்டும், அட்டைக்கு மட்டும், பதிப்புரிமையும் அசலும் அவருக்கு. தொகையையும் அவர் வாயால் சொல்ல வைத்து எழுதினேன். தாள் பதிப்பாளரிடம் இருக்கிறது. இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டேன், ‘பாத்துக்கலாம் தோழர்’ என்கிறார்.