காது திறந்தது, கட்டி போகவில்லை

காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது. செல்போனை அந்தக் காதில் வைத்தால் எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருகிறார். பத்து நாளில் காது கேட்கத் தொடங்க, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இப்படித் திடீரென்று கேளாமல் போகிறவர்களில் சிலருக்கு உள்ளே இருப்பது ஷ்வான்னோமா, அதாவது நரம்பின் உறையில் வளரும் கட்டி. அவர்களுக்கும் ஸ்டீராய்டால் காது திரும்பக் கேட்பதுண்டு. கேட்டுவிட்டதே என்று எம்ஆர்ஐ ஸ்கேனைத் தள்ளிப்போட்டால், கட்டி மூளைத்தண்டை நோக்கி ஓசையில்லாமல் வளர நாமே அவகாசம் கொடுத்தவர்களாகிறோம்.

மருந்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு வற்றவைப்பதை 1961இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் காலிசிச், ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினார்கள். அதற்குப் பின் எத்தனையோ பேர் அறுவை சிகிச்சை மேசை வரை உயிரோடு வந்து சேர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. பெரிய ஷ்வான்னோமா மூளைத்தண்டை அழுத்தும்போதும், கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு கட்டி தற்காலிகமாக வீங்கும்போதும் இன்றும் கைகொடுப்பது இதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதை அது குறைக்கிறது, கட்டியைக் கரைப்பதில்லை. நோயாளியிடம் இந்த வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

சொல்லாததன் விளைவு மருந்துக்கடையில் தெரியும். பழைய சீட்டைக் காட்டியே அடுத்த அட்டையும் வாங்கிவிடுகிறார்கள். 4 மில்லிகிராம் டெக்சாமெதசோன் ஏறக்குறைய 25 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்குச் சமம். இது வாரக்கணக்கில் நீடித்தால் சர்க்கரை ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளலாம். தொடைத் தசை இளைத்து, தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போகிறது. கட்டிதான் காலைப் பிடித்துவிட்டதென்று குடும்பம் பயப்படும், பிடித்ததோ மாத்திரை. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் அது இன்னும் ஆபத்து. அட்ரினல் சுரப்பி அதற்குள் தன் வேலையை மறந்திருக்கும்.

இரு காது நரம்பிலும் கட்டி வரும் என்எஃப்2 நோயாளிகளை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுக்கு இது வாழ்நாள் போராட்டம். ஒவ்வொரு முறை காது மங்கும்போதும் மாத்திரையை நோக்கியே கை போகும். ஆகவே மருந்தை எப்படிக் குறைப்பது, எந்தத் தேதியில் நிறுத்துவது, ஸ்கேன் எப்போது என்ற மூன்றையும் முதல் நாள் சீட்டிலேயே நோயாளி படிக்கக்கூடிய கையெழுத்தில் எழுத வேண்டும்.