அழுகை நின்ற பின்: புறநானூறு 46, 160 ஆகிய பாடல்களில் சிறார் துயரும் தேற்றுதலும்

புறநானூற்றில் குழந்தைகள் பெரும்பாலும் பிறர்பொருட்டே இடம்பெறுகின்றனர் என்பது பரவலான வாசிப்பு. அரசனின் அருளைத் தூண்டவும் புலவனின் வறுமையை அளந்து காட்டவும் அவர்கள் கொண்டுவரப்படுகின்றனர். இதனால் 160ஆம் பாடல் பரிசில் கடாநிலைக்கும், 46ஆம் பாடல் துணைவஞ்சிக்கும் எடுத்துக்காட்டுகள் என்ற அளவில் வகுப்பறையில் முடிந்துவிடுகின்றன. துறைக்குறிப்பு பாடலின் நோக்கத்தைச் சொல்லும். பாடலுக்குள் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாது. அழும் குழந்தையை அமைதிப்படுத்துவதும் அதன் துயரைத் தீர்ப்பதும் வேறுவேறு என்பதை இவ்விரு பாடல்களும் நுட்பமாக உணர்ந்திருக்கின்றன.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 160ஆம் பாடலில் வரும் புதல்வன், உணவில்லாமையால் வீட்டையே மறந்து திரிபவன். பாலற்ற முலையைச் சுவைத்துப் பெறாமல், சோற்றுக்கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வெறுமை கண்டு அழுகிறான். தாய் மூன்று வழிகளை நாடுகிறாள். புலி வருவதாகச் சொல்கிறாள், நிலவைக் காட்டுகிறாள், தந்தையை நினைத்து வெறுப்புற்ற உன் முகத்தைக் காட்டு என்கிறாள். உரைகள் இம்மூன்றையும் குழந்தைக்குப் போக்குக் காட்டும் செயல்களாக ஒரே நிரலில் வைப்பதுண்டு. ஆயின் பாடலின் வைப்புமுறை அதற்கு இடந்தரவில்லை. அச்சுறுத்தலுக்கும் திசைதிருப்பலுக்கும் பின்னர், மூன்றாவதற்கு முன்னர், தாய் நொந்தாள் என்ற குறிப்பு வருகிறது. முதலிரண்டும் அழுகையை நிறுத்துவதற்கானவை. அவை பயனற்று, தானும் நொந்த நிலையில்தான், உன்னுள் இருப்பதைக் காட்டு என்று அவள் கேட்கிறாள். குழந்தையின் சினத்துக்கு ஓர் இலக்கும் அதை வெளியிட ஒரு முகமும் அங்கே கிடைக்கின்றன.

அந்தச் சினத்துக்கு இலக்கான தந்தை, பாடலைப் பாடும் புலவரே. தன்மீது தன் மகன் கொண்ட வெறுப்பைத் தன் விண்ணப்பத்துக்குள்ளேயே அவர் வைத்திருக்கிறார். வறுமையை மிகைப்படுத்த இது தேவையில்லை, வெறுங்கலமே போதும். பரிசில் பாடலொன்றில் தந்தையின் தோல்வியைக் குழந்தையின் நோக்கிலிருந்து பதிவுசெய்யும் இந்நேர்மை உரிய கவனம் பெறவில்லை.

46ஆம் பாடலின் நிலைமை இதனினும் கொடிது. கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்காலில் இடப் பணித்தபோது கோவூர்கிழார் பாடித் தடுத்தது. யானை, அழுகை, மறத்தல் ஆகிய மூன்றும் நெருங்கி நிற்கும் தொடரை இருவகையாகக் கூட்டிப் பொருள்கொள்ளலாம். யானையைக் கண்டு அழுத அழுகையை மறந்தனர் எனலாம். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்டதும் மறந்தனர் எனவும் கொள்ளலாம். பின்னதை ஏற்போர், தமக்கு நேரவிருப்பதை அறியாத பேதைமையை அதில் காண்பர். எவ்வாறு கொண்டாலும் பாடல் அங்கே நிற்கவில்லை. சிறார் மன்றை மருண்டு நோக்குகின்றனர். முன்பு அறியாத புதிய துன்பம் அவர்களைப் பற்றுகிறது. அழுகை நின்றது ஆறுதலால் அன்று. பேதைமை வாசிப்பு இந்தப் புதிய துன்பத்தைப் போதிய அளவு விளக்குவதில்லை.

இரு பாடல்களிலும் மறத்தல் என்னும் வினை வருவது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் ஒருவன் வீட்டை மறப்பதும், பிறர் அழுகையை மறப்பதும் நினைவின் குறைபாடுகள் அல்ல, துயரின் அடையாளங்கள். பேரச்சத்துக்கு உள்ளான குழந்தை அழாமல் உறைந்திருப்பதைத் தேறுதல் எனக் கொள்ளலாகாது என்று இன்றைய குழந்தை உளவியலும் வலியுறுத்துகிறது. பேரிடர்க்களப் பணியாளருக்காக உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் இணைந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்றை அடிப்படையாக வைக்கிறது. சங்கப் புலவர் இதனை முன்னரே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது ஆய்வாகாது. பேசுமாறு வற்புறுத்தலாகாது என்னும் அக்கையேட்டின் நெறிக்கு, ஓயாது வினவும் பெருஞ்சித்திரனாரின் மனைவி முற்றிலும் பொருந்தவும் மாட்டாள். ஒப்பீட்டின் பயன் வேறிடத்தில் உள்ளது. உணவும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வதை அக்கையேடு உளத்துணையின் பகுதியாகவே கருதுகிறது. இவ்விரு பாடல்களும் குழந்தையிடமிருந்து திரும்பி, உணவு தரவும் கொலையை நிறுத்தவும் வல்லவனை நோக்கிப் பேசுகின்றன. அவ்வகையில், குழந்தையைக் கருவியாக்குவதாகக் கருதப்படும் துறையமைப்பே குழந்தைக்கான செயலாகவும் அமைகிறது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. 160இல் குழந்தையிடம் பேச ஒரு தாய் இருக்கிறாள். 46இல் மன்றை நோக்கிய சிறாரிடம் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை, கோவூர்கிழாரும் பேசவில்லை. அவர் மன்னனின் முன்னோர் புறாவின் துயர் தீர்த்ததையும், சிறாரின் குடியினர் புலவர்க்குப் பகுத்துண்டதையும் நினைவூட்டி, கேட்டபின் விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார். அவர்கள் உய்ந்தனர் என்பது அடிக்குறிப்பால் அறியப்படுகிறது. மறந்த அழுகையை அச்சிறார் பின்னர் அழுதனரா என்பது அதிலும் இல்லை.