இணையத் தொடரும் வாசிப்பு வசதியும்: 'வெண்முரசு' வழி ஒரு மதிப்பீடு

சுந்தர ராமசாமி 1988இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கிய ஊர் நாகர்கோவில். அதே ஊரிலிருந்து ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை எழுதிய 'வெண்முரசு', நாவல்களுக்கிடையே சிறு இடைவெளிகள் விட்டு, நாள்தோறும் இணையத்தில் வெளிவந்தது. மகாபாரதத்தின் மறுபுனைவான இது 26 நாவல்களால் ஆனது. இதன் பாத்திரங்களும் மொழிநடையும் பேசப்படும் அளவுக்கு, இத்தகைய படைப்பை வாசகர்முன் கொண்டுவரும் இணையப் பக்கத்தின் இயல்பு பேசப்படுவதில்லை.

இணையப் பக்கங்களின் தரத்தை அளக்கக் கூகுள் 2020இல் அறிவித்த அளவைகளுள் ஒன்று, முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்றவேண்டும் என்பது. ஒருங்குறியின் யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'வெண்முரசு' என்னும் ஐந்தெழுத்துச் சொல் 9 குறியீடுகளாகி 27 பைட் ஆகிறது. ஆங்கிலத்தை நோக்க இது மிகுதியே. ஆயினும் ஓர் அத்தியாயம் முழுவதும் பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். சுருக்கி அனுப்பினால் மேலும் குறையும். கைப்பேசியில் எடுத்து அளவு குறைக்காமல் ஏற்றிய ஒரு நிழற்படம் இதனினும் பன்மடங்கு பெரிது. எனவே தமிழ்ப் பக்கம் மெல்லத் திறப்பதற்குப் பனுவலின் நீளத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. படங்கள், விளம்பர நிரல்கள், தனியே இறங்கவேண்டிய எழுத்துரு ஆகியவற்றையே முதலில் ஆராயவேண்டும்.

எழுத்துருவால் நேரும் இடர் வேறுவகையானது. கருவியிலுள்ள எழுத்துருவில் பனுவல் முதலில் தோன்றி, பதிப்பாளரின் எழுத்துரு வந்ததும் மாறும்போது வரிகள் இடம்பெயர்கின்றன. ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்கள் கைப்பேசியின் குறுகிய திரையில் எளிதில் அடுத்த வரிக்குத் தள்ளப்படுவதால், வாசகர் படித்துக்கொண்டிருந்த இடமே தவறிப்போகிறது. இருபுறமும் சீராக்கப்பட்ட பத்தியாயின் சொற்களுக்கிடையே பெரும் வெற்றிடங்கள் விழுகின்றன. இடப்புறம் மட்டும் சீராக்குவதே கைப்பேசிக்கு ஏற்றது. அச்சுநூலின் தோற்றத்தை அங்கும் வேண்டுவது பழக்கத்தின் பிடிவாதமேயன்றி வேறன்று.

எனினும் வேக அளவைகள் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. வலைப்பதிவு மென்பொருள்கள் இயல்பாகவே புதியதை மேலும் பழையதைக் கீழும் அடுக்குகின்றன. செய்திக்கு இவ்வரிசை தகும், நாவலுக்குத் தகாது. நாள்தோறும் தொடரும் வாசகருக்குத் தடையில்லை. பல ஆண்டுகள் கழித்து வருபவரோ முடிவின் வாயிலில் நிறுத்தப்படுகிறார். ஒரு நொடியில் திறந்த பக்கமும் அவருக்குப் பயன்படாது. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது, வாசகர்கள் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்தனர். அவ்வேலை இணையத்தில் பதிப்பாளரின் பொறுப்பாகிறது. நாவல்வாரியான பட்டியல், அத்தியாய இறுதியில் முந்தையதற்கும் அடுத்ததற்குமான இணைப்பு, விட்ட இடத்தைக் கருவியே நினைவிற்கொள்ளும் ஏற்பாடு ஆகியன அலங்காரங்களல்ல. இணையத் தொடரின் கட்டமைப்பே அவைதாம்.

ஆய்வாளர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. இணைய வடிவை மேற்கோள் காட்டுவோர்க்குப் பக்க எண் இல்லை. அத்தியாயத்தின் முகவரியே சான்று. தளத்தைப் புதுப்பிக்கையில் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடாவிடில், அவற்றைச் சுட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் ஒரே நாளில் செல்லாதவையாகிவிடும்.