அழிக்கும் பொத்தான்

டிஜிட்டல் கேமரா வந்து படச்சுருளைக் கொன்றுவிட்டது என்று சொல்லாதவர் பாக்கியில்லை. சிலர் துக்கமாகச் சொன்னார்கள், சிலர் வியாபாரக் கணக்காகச் சொன்னார்கள். சுருள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஒரு சாதனம் போய் இன்னொன்று வருவது எந்தக் கலையிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் சுருளோடு சேர்ந்து வேறொன்றும் போயிற்று. அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எனக்கே அது தெரியவந்தது ஒரு பழைய கேமரா கைக்கு வந்த பிறகுதான்.

ஜப்பானிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், டோக்கியோவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியதாக ஒரு கேசியோ க்யூவி-10 கொண்டுவந்தார். 1995 மார்ச்சில் 65,000 யென் விலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் செய்து பேர்வாங்கிய கம்பெனி செய்தது. கேமராக் கம்பெனிகள் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. படம் 320க்கு 240 புள்ளி. பிளாஷ் இல்லை. கார்டு போட இடமில்லை. உள்ளேயே இருக்கும் 2 மெகாபைட் நினைவகத்தில் 96 படங்கள், அவ்வளவுதான். லென்ஸ் இருக்கும் பகுதி மட்டும் தனியாகச் சுழலும். விரும்பினால் எடுப்பவரையே பார்க்கும்படி திருப்பிக்கொள்ளலாம். முதுகில் 1.8 அங்குலத்தில் ஒரு வண்ணத் திரை. சாதாரண ஜனங்கள் வாங்கும் டிஜிட்டல் கேமராவில் இப்படி ஒரு திரை வந்தது இதில்தான் முதல் தடவை.

நான்கு பென்சில் பாட்டரிகளைப் போட்டோம். திரை எரிந்தது. 96 இடங்களும் நிரம்பியிருந்தன.

முன்னாள் சொந்தக்காரர் எதையும் அழிக்காமல் விற்றிருக்கிறார், அல்லது அவருக்குப் பின்னால் யாரோ விற்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு செட் பாட்டரி போதவில்லை. பாதியில் திரை மங்கி அணைந்தது. கடைக்குப் போய் இன்னொரு செட் வாங்கிவந்தோம். சாப்பாட்டு மேஜை. ஜன்னல். ஒரு நாய், நாயின் பின்பக்கம், மறுபடி நாய். ரயில் நிலையமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லென்ஸைத் தன் பக்கம் திருப்பி எடுத்துக்கொண்ட ஒரு நடுவயதுக்காரர், மூக்கு மட்டும் பெரிதாக. ஒரு காலி நாற்காலி, ஐந்து தடவை. வெளிச்சம் போதாத இடங்களிலெல்லாம் வண்ணப் புள்ளிகள் ஈ மாதிரி மொய்க்கின்றன. நல்ல படம் என்று ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சிக்கல் இங்கே ஆரம்பித்தது. இவை அவர் தேர்ந்து வைத்துக்கொண்டவையா, அல்லது நல்லவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கைவிட்டவையா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒரு சுருளாக இருந்தால் வழி இருந்திருக்கும். 36 சட்டங்கள் எடுத்த வரிசையிலேயே நிற்கும். ஆடிப்போனது, விரல் மறைத்தது, அதே முகத்துக்கு இரண்டாவது முயற்சி, முதல் முயற்சியைவிட மோசமான மூன்றாவது முயற்சி. எடுத்தவன் எங்கே தயங்கினான், எதன்மேல் பிடிவாதமாக இருந்தான் என்பதை நெகடிவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாலே சொல்லிவிடலாம். அச்சுப் போட்டது நான்குதான் என்றாலும் மற்ற 32 எங்கேயும் போய்விடவில்லை. இந்த 96 படங்களுக்கு அப்படி ஒரு பின்புலம் இல்லை. நடுவே எத்தனை நூறு வந்து போயின என்பதற்கு ஒரு தழும்புகூடக் கிடையாது.

க்யூவி-10 செய்த காரியத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். சுருளில்லாமல் படம் எடுப்பது அதற்கு முன்பே சாத்தியமாகியிருந்தது. எடுத்த இடத்திலேயே, எடுத்த கையாலேயே, ஒரே ஒரு படத்தைப் பார்த்து, பிடிக்காமல், சுவடு இல்லாமல் ஆக்குவதுதான் புதிது.

இதை நிச்சயமாகச் சொல்ல இன்னொரு கேமராவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் கம்பெனியின் குவிக்டேக் 100, 1994இல் வந்தது. செய்துகொடுத்தது கோடக். விலை 749 டாலர். பார்க்கப் பைனாகுலர் மாதிரி இருக்கும். தெளிவான படம் என்றால் எட்டு, சிறிய படம் என்றால் 32. படத்தைக் காட்டும் திரை கிடையாது. எத்தனை எடுத்தாயிற்று, எத்தனை பாக்கி என்ற எண்ணைக் காட்டும் சின்னக் கட்டம் மட்டும் உண்டு. அழிப்பதற்குப் பொத்தான் இருக்கத்தான் செய்தது. ஆனால் அழுத்தினால் எல்லாம் போய்விடும். ஒன்றை மட்டும் எடுத்தெறிய முடியாது. எட்டுப் படங்களையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கேபிளைச் செருகி, மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் எதை எடுத்தோம் என்று அதன் சொந்தக்காரர் முதன்முதலில் பார்த்தார். உள்ளே இருந்தது டிஜிட்டல் என்றாலும் அந்த அனுபவம் சுருளின் அனுபவம்தான். எடுத்துவிட்டோம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, போய்ப் பார்ப்போம் என்கிற அந்த இடைவெளி அப்படியே இருந்தது. அதைவிட மோசமான படம் எடுத்த க்யூவி-10 ஒரே வருஷத்தில் வந்து அந்த இடைவெளியை மூடிவிட்டது.

1975இல் கோடக்கில் ஸ்டீவன் சாஸன் முதல் மாதிரியைச் செய்தபோது ஒரு படம் காஸெட் நாடாவில் ஏற 23 விநாடி பிடித்தது. நாடாவில் 30 படங்கள் என்று வரையறுத்தாராம். சுருளில் இருக்கும் 24க்கும் 36க்கும் நடுவில் ஒரு எண். மனிதர்கள் ஒரு புது யந்திரத்தைச் செய்யும்போதும் பழையதன் கணக்கில்தான் யோசிக்கிறார்கள். அப்படியானால் கேசியோக்காரர்களுக்கு மட்டும் திரை எங்கிருந்து வந்தது? டெலிவிஷனிலிருந்து. 1987இல் அவர்கள் வெளியிட்ட விஎஸ்-101 என்ற மின்னணுக் கேமரா விற்கவில்லை. 1991இல் செய்து பார்த்த மாதிரி ஏறக்குறைய மூன்று கிலோ கனம், அதோடு சூடு. கேமரா என்று சொன்னால் மேலிடம் காதுகொடுக்காது என்ற நிலையில், பொறியாளர்கள் அதைக் கேமரா பொருத்திய சிறு டிவி என்ற திட்டமாக முன்வைத்து அனுமதி வாங்கினார்கள். பிறகு டிவியைக் கழற்றிவிட்டார்கள். திரை மட்டும் தங்கிவிட்டது. (ஆபீஸில் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் தந்திரம் விளங்கும்.) கேமராவின் வம்சத்தில் பிறக்காத ஒரு உறுப்பு இப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று கையில் போனை நீட்டிப் பிடித்து அதன் திரையைப் பார்த்துப் படமெடுக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒட்டுதலின் சந்ததி.

உடனே பார்ப்பது போலராய்டில் 1948லிருந்தே உண்டே என்று கேட்கலாம். நண்பரும் கேட்டார். போலராய்டில் பார்க்கலாம், வாபஸ் வாங்க முடியாது. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு தாள், ஒரு செலவு. பிடிக்காவிட்டால் கிழிக்க வேண்டும். கிழித்த துண்டும் குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். அழித்த இடம் அடுத்த படத்துக்கே இடமாகிவிடுவது அதில் கிடையாது. க்யூவி-10இல் 96க்கு மேல் போக முடியாது என்பதால் ஒவ்வொரு புதுப் படமும் ஒரு பழைய படத்தின் தலைமேல்தான் உட்காரும். கம்ப்யூட்டரோ கேபிளோ இல்லாமல் வெறும் கேமராவோடு வாழ்ந்தவருக்கு இதுதான் அன்றாடம். எடுப்பது பாதி வேலை. எதைப் பலிகொடுப்பது என்று தீர்மானிப்பது மறுபாதி. ஒவ்வொரு சொந்தக்காரரையும் அது ஒரு பத்திரிகை ஆசிரியராக்கியது. நிராகரித்த கையெழுத்துப் பிரதிகளைத் திருப்பி அனுப்பாத, கோப்பிலும் வைக்காத ஆசிரியர்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் இது நடக்காது. தப்பாக ஒரு பதிவு போட்டுவிட்டால் அதை அழிக்க முடியாது. அதற்கு எதிராக இன்னொரு பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும், இரண்டுக்கும் நேரமும் பெயரும் இருக்கும். பேரேட்டில் எழுதிய காலத்தில் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. இலக்கியத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. அவரும் வங்கிக்காரர் என்பதால் சொல்லிவைக்கிறேன். எலியட்டின் ‘தி வேஸ்ட் லாண்ட்’ 1922இல் வந்தது. எஸ்ரா பவுண்ட் அடித்துத் தள்ளிய பகுதிகளோடு கையெழுத்துப் பிரதி அச்சானது 1971இல். நடுவில் 49 வருஷம் அந்தக் கவிதை எப்படி உண்டாயிற்று என்பதை யாரும் முழுக்க அறிந்திருக்கவில்லை. ஆனால் அறிய முடியாமல் போய்விடவில்லை. காரணம், பவுண்டின் பேனா அடித்தது, அழிக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் இல்லாமல் இல்லை. சுருள் காலத்தில் நம் படத்தை நமக்கு முன்னால் ஸ்டூடியோக்காரர் பார்த்துவிடுவார். நம் வீட்டுக் கூடம், நம் அசட்டு முயற்சிகள், காதலியின் முகம் எல்லாவற்றுக்கும் முதல் பார்வையாளன் ஒரு அந்நியன். அவன் என்ன நினைப்பான் என்பது விசையை அழுத்தும் விரலிலேயே இருந்தது. க்யூவி-10 அவனை அப்புறப்படுத்திற்று. ஐந்து தடவை காலி நாற்காலியை எடுக்கிற தைரியம் அதனால்தான் அந்த மனிதருக்கு வந்திருக்க வேண்டும். காசு கொடுத்துக் கழுவுகிறவன் காலி நாற்காலியை எடுப்பானா? எடுத்தாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான். தோற்பதற்குச் சுதந்திரம் கொடுத்த அதே பொத்தான்தான் தோல்வியின் தடயத்தையும் துடைத்தது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது என்று தோன்றுகிறது.

இப்போது வேறொரு கூத்து. 2020களில் பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குவது இளைஞர்களிடையே ஒரு மோஸ்தர். பழைய சிசிடி தரும் நிறம், அந்தப் புள்ளி மொய்ப்பு, வெளுத்த வானம் இவற்றில் ஏதோ உண்மை இருக்கிறதாம். எனக்கு இதில் சம்மதமில்லை. 1995இல் அந்த மொய்ப்பு ஒருவரும் விரும்பித் தேர்ந்ததல்ல. சின்னஞ்சிறு சிசிடியால் முடிந்தது அவ்வளவுதான். முடியாமையோடு மல்லுக்கட்டியவனுக்கு அது அனுபவம். முடிகிற யந்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு முடியாததைப் பூசிக்கொள்கிறவனுக்கு அது பவுடர். நம்மிடையிலும் இந்த ஜாதி உண்டு. எழுபதுகளில் ஒருவன் சொல்ல வந்தது வரிக்குள் அடங்காமல் உடைந்த இடத்தைப் பார்த்து, சொல்ல ஒன்றுமில்லாதபோதும் அதே இடத்தில் வரியை உடைக்கிறவர்கள். பழைய கேமராவின் நிறத்தை வாங்கலாம். 96க்குள் வாழ்ந்த நெருக்கடியை வாங்க முடியாது.

அந்த க்யூவி-10 டோக்கியோவின் தேசிய அறிவியல் காட்சியகத்தின் முக்கிய சரித்திரப் பொருள் பட்டியலில் 2012இல் இடம்பெற்றது. 2018இல் கேசியோ சிறிய டிஜிட்டல் கேமராத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது. இதெல்லாம் நண்பருக்கு ஒரு பொருட்டில்லை. அவருக்கு அதில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் ஒன்றை அழிக்க வேண்டும். எங்களிடம் கேபிள் இல்லை. வெளியே எடுத்து வைக்க வழியில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் படத்தில் எதை அழிப்பது? அரைமணி நேரம் வாதாடினோம். அழிக்கவே கூடாது என்றேன் நான். அப்படியானால் இது கேமராவா, சமாதியா என்றார் அவர். கடைசியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் உதவாத படம் ஒன்றை அழிக்கலாம் என்று முடிவாயிற்று. முழுக்கக் கறுப்பாக, ஒன்றுமே தெரியாத ஒரு படம் இருந்தது. அதைத் திரையில் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினார். கேமரா மறுத்தது.

இந்தக் கேமராவில் ஒரு படத்தை அழியாமல் பூட்டிவைக்கவும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் நான்கு பூட்டப்பட்டிருந்தன. ஜன்னல் ஒன்று. நாயின் பின்பக்கம். காலி நாற்காலிகளில் மூன்றாவது. அந்தக் கறுப்புப் படம். அவர் முகம் பூட்டப்படவில்லை.

பூட்டை எடுத்துவிட்டு அழிக்கலாம், வழி இருக்கிறது. நண்பர் என்னைப் பார்த்தார். நாற்காலிகளில் முதலாவதைத் திரையில் கொண்டுவந்து, பொத்தானை நானே அழுத்தினேன். மேஜைமேல் இருந்த டீ டம்ளரை அவர் படமெடுத்தார். இரண்டாவது செட் பாட்டரியும் அதோடு தீர்ந்துவிட்டது.