கட்டுவது யார், காசு யாருடையது?

அமெரிக்காவின் சென்சஸ் துறை மாதந்தோறும் நாட்டின் கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2024இல் அந்தச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. இதில் முக்கால் பங்குக்கு மேல் தனியாருடையது, மீதி அரசுடையது.

இந்தக் கணக்கின் பெரிய பலம், அது வாக்குறுதியை எண்ணுவதில்லை என்பது. ஒப்பந்தம் கையெழுத்தானாலும் அடிக்கல் நாட்டினாலும் ஒரு டாலர்கூட ஏறாது. அந்த மாதம் வேலை நடந்த அளவுக்கே மதிப்பு: பொருள், கூலி, வரைபடக் கட்டணம், ஒப்பந்ததாரரின் லாபம். நிலத்தின் விலை சேராது.

நேர்மையும் உண்டு. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு அச்சாகிறது. ஏற்றமா இறக்கமா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். செய்தித் தலைப்புகள்தான் அந்தக் குறியை விழுங்கிவிடுகின்றன. 2005 ஜனவரி முதல் 2015 அக்டோபர் வரையிலான தனியார் குடியிருப்புக் கணக்கில் பிழை நேர்ந்ததை 2016 ஜனவரியில் துறையே அறிவித்துத் திருத்தியது.

குறைகளுக்கு வருவோம். தனி வீடுகளின் வேலை எவ்வளவு முடிந்தது என்று யாரும் மாதாமாதம் போய்க் கேட்பதில்லை. தொடங்கிய வீடுகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் ஒரு வழக்கமான வேகத்தில் மாதங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள். விலைவாசியும் கழிக்கப்படுவதில்லை. 2021இல் மரத்தின் விலை எகிறியபோது, அதே வீட்டுக்குக் கூடுதல் செலவானதும் வளர்ச்சியைப் போலவே பதிவானது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் தனியார், அரசு என்ற பிரிவினையில் இருக்கிறது. சொத்து யாருடையது என்பதை வைத்தே அது பிரிக்கிறது. பணம் யாருடையது என்று கேட்பதில்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் டிஎஸ்எம்சி நிறுவனம் கட்டும் சிப் ஆலைகள் தனியார் பத்தியில் வருகின்றன. 2022ஆம் ஆண்டின் சிப் சட்டப்படி அந்நிறுவனத்துக்கு ஒதுக்கிய மானியமோ 660 கோடி டாலர். இத்தகைய முதலீடுகளுக்கு அந்தச் சட்டம் முதலில் தந்த 25 விழுக்காடு வரிச்சலுகை வேறு. தொழிற்சாலைக் கட்டுமானம் 2021க்கும் 2023க்கும் இடையே இருமடங்குக்கு மேல் பெருகியதை வெறும் தனியார் ஊக்கம் என்று படிப்பவர் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்.

மறுபக்கமும் இதே கதை. நெடுஞ்சாலைக்கு வாஷிங்டன் பணம் தந்தாலும் சாலை மாநிலத்துக்குச் சொந்தம். ஆகவே செலவு மாநிலப் பத்தியில் ஏறும். ஒன்றிய அரசின் பத்தி உண்மைக்கு மீறி மெலிந்து தெரிகிறது.

அதற்காக உரிமைவழிப் பிரிவினையைக் கைவிட வேண்டியதில்லை. நாளை அந்தச் சொத்தைப் பராமரிக்கப்போவது யார் என்பதை அதுவே சொல்கிறது. ஆனால் மானியம், வரிச்சலுகை, மாநிலங்களுக்குப் போகும் ஒன்றிய நிதி ஆகியவற்றைக் காட்டும் துணை அட்டவணை ஒன்று கூடவே வர வேண்டும். அது வராதவரை, எவ்வளவு கட்டப்பட்டது என்பதற்கு இந்தக் கணக்கை நம்பலாம். யார் தயவில் கட்டப்பட்டது என்பதற்கு நிதிநிலை அறிக்கையைத்தான் புரட்ட வேண்டும்.