கேன் – குட் அட்டவணை போதுமா?

கேன்–குட், வில்–வுட், ஷல்–ஷுட், மே–மைட். பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த பலருக்கும் இந்த நான்கு ஜோடிகள் தலைகீழ்ப் பாடம். இடப்பக்கம் நிகழ்காலம், வலப்பக்கம் இறந்தகாலம் என்று கோடு போட்டுக் கற்பிக்கும் இந்த வழக்கம் நன்மை செய்ததா, கெடுத்ததா?

முதலில் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். அட்டவணை பொய் சொல்லவில்லை. குட், வுட், ஷுட், மைட் ஆகிய நான்கும் பிறப்பால் இறந்தகால வடிவங்கள்தான். அயற்கூற்றில் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. 'ஐ கேன் கம்' என்று அவள் சொன்னதை மறுநாள் நாம் எடுத்துச் சொல்லும்போது 'ஷி செட் ஷி குட் கம்' ஆகிறது. பத்து வயதிலேயே நீந்தத் தெரியும் என்பதற்கு 'ஐ குட் ஸ்விம்' சரியானதே. தேர்வுத்தாள் திருத்துபவருக்கும் இது வசதி: கேன் இருந்த இடத்தில் குட் வந்திருக்கிறதா, மதிப்பெண் போடு, அடுத்த தாளை எடு.

சிக்கல் அயற்கூற்றைத் தாண்டியதும் தொடங்குகிறது. 'குட் யூ ஹெல்ப் மீ?' என்று கேட்பவர் இப்போதுதான் உதவி கேட்கிறார். 'இட் மைட் ரெய்ன் டுமாரோ' என்பது நாளைய மழையைப் பற்றியது. வடிவம் இறந்தகாலம், பொருள் வேறு காலம். ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது: இறந்தகால வடிவம் காலத்தில் மட்டுமின்றி நடப்பிலிருந்தும் விலகி நிற்பதைக் காட்டும். பணிவும் ஐயமும் அந்த விலகலில் வருபவை. இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் அட்டவணை பாதி பிழைத்துவிடும். ஆனால் வகுப்பறையில் அதைச் சொல்வது அரிது.

மஸ்ட் இந்த அட்டவணையில் இடமே இல்லாத அனாதை. பழைய ஆங்கிலத்தில் அதுவே இன்னொரு வினையின் இறந்தகால வடிவம். நாளடைவில் நிகழ்காலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதனால் அதற்கென்று தனி இறந்தகாலம் கிடையாது. நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல 'ஹேட் டு', நேற்றைய நிகழ்ச்சியை ஊகிக்க 'மஸ்ட் ஹேவ்' என்று இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கிறது. தமிழ் மாணவர் தடுக்கி விழுவது இங்கேதான்.

வாசலில் செருப்பு கிடக்கிறது. "அப்பா வந்திருக்க வேண்டும்" என்கிறோம். கல்யாணத்தில் அவரைக் காணவில்லை. அப்போதும் "அப்பா வந்திருக்க வேண்டும்" என்றே குறைபடுகிறோம். தமிழில் ஒரே தொடர். சூழலும் குரலும் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் முதலாவது 'மஸ்ட் ஹேவ் கம்', இரண்டாவது 'ஷுட் ஹேவ் கம்'. இரண்டிலும் நேற்றைச் சுமப்பது 'ஹேவ்' என்ற சொல்லும் அதை அடுத்து வரும் வினையின் மூன்றாம் வடிவமும்தான். ஷுட் ஏற்கெனவே இறந்தகாலம் என்று அட்டவணை சொல்லிவிட்டதால், மாணவர் 'ஹி ஷுட் கம் யெஸ்டர்டே' என்று எழுதி நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிணற்றில் விழுந்த ஆட்டை நேற்று ஒருவழியாக மேலே தூக்க முடிந்தது என்றால் 'ஐ குட் லிஃப்ட்' பொருந்தாது. 'ஐ வாஸ் ஏபிள் டு லிஃப்ட்' வேண்டும். ஒரே ஒரு முறை முயன்று சாதித்ததற்குக் குட் பொதுவாக வராது. தூக்க முடியவில்லை என்றால் மட்டும் 'குடின்ட்' தாராளமாக வரும். உடன்பாட்டுக்கு ஒரு விதி, எதிர்மறைக்கு வேறு விதி. இரண்டு பத்தி அட்டவணையில் இதை எந்த மூலையில் எழுதுவது?

வுட் அலுவலகத்தில் படும் பாடு தனிக் கதை. 'ஐ வுட் பி கமிங் டுமாரோ' என்று மின்னஞ்சல் போகிறது, மரியாதையாக இருக்கட்டுமே என்று. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதைப் படிப்பவர் 'ஆனால்' எங்கே என்று தேடுவார். வருகிறாரா, வர ஆசை மட்டும்தானா என்று புரியாமல் விழிப்பார். இந்திய ஆங்கிலத்தில் இது ஊறிவிட்ட வழக்கு. நமக்குள் பேசிக்கொள்ளும்போது யாருக்கும் நஷ்டமில்லை. வெளியே அனுப்பும் கடிதத்தில் 'வில்' என்றே எழுதிவிடுவது நல்லது.

என் தீர்ப்பு இதுதான்: அட்டவணை அயற்கூற்றுப் பாடத்தில் இருக்கட்டும், அங்கே அது சம்பளத்துக்கு உழைக்கிறது. மற்ற பாடங்களில் அதை எடுத்துவிட்டு 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்' மூன்றையும் சூழலோடு கற்பிக்க வேண்டும். கேள்வித்தாளும் மாற வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதை விட்டு, வாசலில் கிடக்கும் செருப்பைக் காட்டி வாக்கியம் கேட்கலாம்.